ஏழு கட்டை

பத்து வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில் தம்பின் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் கோயில் மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எண்பது பேருக்கு முன்னால் என் மானம் கப்பலேறியது. இத்தனை நாள் கழித்து நினைத்தாலும் எனக்கு அதில் வருத்தமில்லை. சிரிப்புதான் வருகிறது, கொஞ்சம் நிம்மதியும் கூட.

நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறோம். பழைய பஸ், ரயில் சரித்திரத்தைச் சேர்த்து வைப்பதுதான் வேலை. கிழிந்த டிக்கெட், துருப்பிடித்த மணி, எந்த பஸ் எந்த வருடம் எந்தத் தோட்டத்துக்குள் போனது என்ற சண்டை, இவைதான் எங்கள் சொத்து. பைத்தியங்கள் என்று எங்கள் வீட்டில் எல்லாம் பட்டப்பெயர் உண்டு. நான் இருபத்தாறு வருடம் பஸ் கம்பெனியில் டிக்கெட் கிழித்தவள். அதனால் சங்கத்தில் நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது என்று ஒரு நினைப்பு. நினைப்பு எனக்குத்தான்.

அந்தச் சமயம் ஒரு பழைய கேசட் எங்கள் கைக்கு வந்தது. மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலத்தில் தம்பினிலிருந்து அந்த எஸ்டேட்டுக்கு ஓடிய பஸ்ஸைப் பற்றி, அதில் போய்வந்த பெரியவர் ஒருவர் பேசியிருந்தார். கேசட் எங்களிடம் வருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் பின்புறம் அடுப்பு மாதிரி ஒன்றைப் பொருத்தி, அதில் வரும் புகையில் இன்ஜினை ஓட்டினார்களாம். அதையெல்லாம் விவரமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் இப்படிச் சொன்னார்: "ஏழு கட்டை ஆனதும் டிரைவரு நிறுத்திருவாரு. எல்லாரையும் எறக்கிருவாரு. ஆம்பளைங்கள பின்னாடி போகச் சொல்லுவாரு." அத்தோடு கேசட் முடிந்துவிட்டது. மறுபக்கத்தில் யாரோ சினிமாப் பாட்டைப் பதிந்து வைத்திருந்தார்கள்.

எங்கள் ஊரில் கட்டை என்றால் மைல். ஒரு கட்டைக்கு இவ்வளவு என்று வாழ்நாளெல்லாம் டிக்கெட் கிழித்த எனக்கு வேறு என்ன தோன்றும்? ஏழாவது மைலில் பஸ்ஸை நிறுத்தி, எல்லாரையும் இறக்கி, ஆண்களை மட்டும் தனியாகப் பிரித்தால் அது எதற்காக? சயாமில், அதாவது தாய்லாந்தில், ஜப்பான்காரன் போட்ட மரண ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கத்தான். நான் முடிவே கட்டிவிட்டேன். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, மீட்டரைப் பார்த்துக்கொண்டே தம்பினிலிருந்து பதினோரு கிலோமீட்டர் போனேன். அங்கே ஒன்றுமே இல்லை. இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் சமமான சாலை. ஒரு காவல் சாவடி இருந்ததாக அந்த வட்டாரத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இடித்துத் தள்ளியிருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தகரப் பலகையும் எழுதியாயிற்று. 'ஏழாங்கட்டை' என்று மேலே பெரிதாக. கீழே, ஜப்பானியர் காலத்தில் இங்கே பஸ் டிரைவர் தோட்டத்து ஆண்களைச் சயாமுக்குப் பிடித்துக் கொடுத்தார் என்று என் சொந்த வாக்கியம். நட்டு வைப்பதற்கு முன் எஸ்டேட் மக்களுக்குப் படித்துக் காட்டத்தான் அன்று கோயில் மண்டபத்தில் கூடினோம்.

நான் கணீரென்று படித்து முடித்தேன். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா மெதுவாக எழுந்தார். எண்பதை நெருங்கும் வயது, தலையில் மல்லிகைச்சரம், விசேஷத்துக்குக் கட்டும் புடவை.

"அந்த பஸ்ஸ ஓட்டுனது எங்கப்பாம்மா. அவரு பேரு எழுதியிருப்பீங்கன்னு பாக்க வந்தேன்" என்றார். குரல் உயரவில்லை. "எங்க சித்தப்பாவையும்தான் ஜப்பான்காரன் சயாமுக்குக் கொண்டு போனான், திரும்பி வரல. அப்ப அவரையும் எங்கப்பாதான் புடிச்சுக் குடுத்தாரா?"

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. கேசட் இருக்கிறது அக்கா என்றேன், ஏதோ கோர்ட்டில் சாட்சி வைத்திருப்பவள் மாதிரி. போட்டுக் காட்டச் சொன்னார். போட்டோம். தலையைச் சாய்த்து முழுவதையும் கேட்டார். கடைசி வரி வந்ததும் அவர் முகம் மெல்ல மலர்ந்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"இது மைல் கட்டை இல்லம்மா, வெறகுக் கட்டை. தம்பின்ல பொறப்பட்டு ஏழு கட்டை எரிஞ்சா மேடு வந்துரும். அந்தப் பொகைக்கு அத்தன பேர இழுத்துக்கிட்டு ஏற தெம்பு ஏது? எல்லாரும் எறங்கணும். பொம்பளைங்க நடப்போம், ஆம்பளைங்க பின்னாடி போயி தள்ளுவாங்க. அவ்ளோதான்லா."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. டிக்கெட் கிழித்த பழக்கத்தில், ஒரு நல்ல மனுஷனைக் காட்டிக்கொடுத்தவனாக்கி, அதை நிரந்தரமாக நட்டு வைக்கப் பார்த்தேனே என்று உடம்பு கூசியது. அந்த அக்காவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் என் முதுகைத் தட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களையும் பிள்ளைத்தாச்சிகளையும் மட்டும் அப்பா இறங்க விடமாட்டார், சொந்த மகளான தன்னை முதல் ஆளாக இறக்கிவிடுவார் என்று ஒரு குறையைச் சொன்னார். எழுபது வருடக் கோபம், இன்னும் ஆறவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அவரையே வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். மைல் கணக்கில் நாலாங்கட்டையைத் தாண்டியதும் "இங்கதான், இங்கதான்" என்று கையை நீட்டினார். வேனில் உட்கார்ந்து பார்த்தால் மேடு என்றே தெரியாது. இறங்கி நடந்தபோதுதான் எனக்கு மூச்சு வாங்கியது.

அடுத்த வாரமே பழைய எழுத்தின் மேல் நானே வெள்ளைச் சாயம் அடித்தேன். அதன் மேல் புதிதாக எழுதி அந்த மேட்டின் அடியில் நட்டோம்: 'ஜப்பானியர் காலத்தில் விறகில் ஓடிய பஸ், இந்த இடத்தில் பயணிகள் இறங்கித் தள்ள, மேடு ஏறியது.' கீழே அந்த டிரைவரின் பெயர். அக்கா ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் பார்த்துவிட்டு, கற்பூரம் கொண்டுவந்திருக்கலாமே என்றார்.

நான் அடித்த சாயம் அவ்வளவு கெட்டி இல்லை. இப்போது வெயில் சாயும்போது உற்றுப் பார்த்தால், டிரைவரின் பெயருக்கு மேலே 'ஏழாங்கட்டை' என்ற பெரிய எழுத்து மட்டும் மங்கலாகத் தெரிகிறது. இன்னொரு தடவை சாயம் அடிக்கலாம் என்று சங்கத்தில் சொல்கிறார்கள். வேண்டாம் என்று நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். மறைந்துபோனவர்களைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம், முதலில் இருப்பவர்களிடம் போய்க் கேள் என்று எனக்குச் சொல்ல அந்த ஒரு வார்த்தை அங்கேயே இருக்கட்டும்.