சத்தியத் தாளின் கடைசி வரி

என் மனைவியிடம் பொய் சொல்லி அவளுடைய வாட்ஸ்அப் முழுவதையும் படித்தேன். விசாவின் பெயரால் படித்தேன்!

கவிதா மலேசியாவின் கிள்ளானில் மருத்துவமனைத் தாதி. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. கணவனாக நானும் உடன் செல்ல, எங்கள் திருமணம் உண்மையானது என்று காட்ட வேண்டும். பதிவுச் சான்றிதழையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கல்யாணப் படங்களையும் கொடுத்தோம். பிரிக்பீல்ட்ஸில் இருந்த விசா ஏஜென்ட் இன்னொன்றும் கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் பேசுன மெசேஜ், பத்து பக்கம் போதும் பாஸ்."

வீட்டில் நான் சொன்னது வேறு. அவள் யாரோடு பேசிய மெசேஜானாலும் அதிகாரிகள் கேட்பார்களாம் என்றேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன் வாட்ஸ்அப்பை என் மடிக்கணினியில் இணைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

நான் தேடியது ஒரே பெயரை... முரளி. அவளோடு வேலை செய்தவன், முன்பே பெர்த் போனவன், இந்த வேலையைப் பற்றிச் சொன்னவனும் அவனே. அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

என்ன கிடைத்தது தெரியுமா? பரீட்சை, வாடகை, பேருந்து. ஓரிடத்தில் அவள் கேட்டிருந்தாள்: 'அங்கே ரசப்பொடி கிடைக்குமா, என் வீட்டுக்காரர் ரசம் இல்லாமல் சாப்பிட மாட்டார்.'

வெட்கி மூடியிருக்க வேண்டாமா? இல்லையே! எதையோ அழித்திருப்பாள் என்று எண்ணினேன். பத்துப் பக்கங்களை ஏஜென்டிடம் கொடுத்த பிறகும், இரண்டு வாரம் இணைப்பை வைத்திருந்து படித்தேன்...

பிறகு, எங்கள் திருமணம் உண்மையானது என்று உறுதி கூறும் சத்தியத் தாளை இருவரும் தனித்தனியாக எழுதினோம். அவள் கையால் எழுதித் தந்ததை நான்தான் தட்டச்சு செய்தேன். கடைசி வரியில் விரல் நின்றது. 'என் கணவர் என்னை ஒரு நாளும் சந்தேகித்ததில்லை.' சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் நிதானமாகக் கையெழுத்திட்டாள். முத்திரையும் விழுந்தது.

அன்று மாலை மடிக்கணினியைத் திறந்தேன். வாட்ஸ்அப் இணைப்பு அறுந்திருந்தது!

தானாகவும் அறுமாம். அப்படித்தானா? இல்லை, அறுத்தாளா? என் சந்தேகம் தெரியாமல் அந்த வரியை எழுதினாளா, தெரிந்தேவா? நீங்களாவது சொல்லுங்கள்... அவளைக் கேட்க முடியாது. தெரியாதிருந்தால், என் கேள்வியே சொல்லிவிடும்.

விசா வந்துவிட்டது. பத்துமலை முருகன் கோயிலில் தேங்காய் உடைத்து, என் நெற்றியில் திருநீறு இட்டாள். நேற்று பெட்டி கட்டும்போது என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"லேப்டாப்ப கையிலயே வச்சுக்குங்க. நம்ம கல்யாணத்துக்கு ஆதாரம் எல்லாம் அதுலதான இருக்கு."

சரி என்றேன்.