எட்டு வீட்டுக்கும் ஒரே படம்

திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரி அன்று காலை எங்கள் பள்ளி வாசலில் நின்றது. பிரிஞ்சாங்குக்கு நான் மாற்றலாகி வந்த பிறகு, நான் முன்பு இருந்த தேயிலைத் தோட்டத்துச் செய்தி எல்லாம் எனக்கு அந்த லோரியில்தான் வரும். டிரைவர் இறங்காமலே சொன்னார். "டீச்சர், தனம் அக்கா தவறிட்டாங்க. விடியகாலையில. மூச்சு முட்டியே போயிட்டாங்களாம். ராஜாங்கம் அண்ணன் உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு." கையில் இருந்த சுண்ணக்கட்டியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

தோட்டத்துக்குப் போய் இறங்கியதும், எல்லாரும் கூடும் மன்றத்து அறிவிப்புப் பலகையில் மரண அறிவித்தலைப் பார்த்தேன். 'நமது வீடியோ ராஜாங்கம் அவர்களின் துணைவியார்' என்று தொடங்கியிருந்தார்கள். தனம் அக்காவின் பெயர் அதற்கும் கீழே, சின்ன எழுத்தில் இருந்தது. வீடியோ ராஜாங்கமாம்! ராஜாங்கம் அண்ணன் நல்ல மனிதர், நல்ல லோரி டிரைவர். ஆனால் அந்த வீடியோப் பெட்டியின் எந்தப் பொத்தானை அமுக்கினால் தேப் வெளியே வரும் என்பதுகூட அவருக்குத் தெரியாது. இது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அப்படி எழுதினார்கள். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். அஞ்சலியில் கோபம் கூடாது என்பவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

தனம் அக்காவை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தை. அவர் கொழுந்து பறிப்பவர். எங்கள் எட்டு வீட்டு லயத்தில் முதல் வீடு அவருடையது, நான்காவது எங்களுடையது. எட்டு வீட்டுக்கும் ஒரே தகரக் கூரை. வீட்டுக்கு வீடு உள்ள தடுப்புச் சுவர் கூரையைத் தொடாது, மேலே இடைவெளி இருக்கும். ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் கேட்கும். சிங்கப்பூரில் வேலை செய்த அவருடைய தம்பி ஒரு தீபாவளிக்கு அவருக்கு வீடியோப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தான். அப்போது லயத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் டிவி இருந்தது, வீடியோ ஒருவரிடமும் கிடையாது. எட்டு வீட்டுச் சனமும் முதல் வீட்டில் குவிய, கதவு கழன்றுவிட்டது. மறுவாரம் தனம் அக்கா ஈப்போவிலிருந்து ஒரு சுருள் வயரை வாங்கி வந்து, ஏணி போட்டு ஏறி, சுவருக்கு மேலே அந்த இடைவெளி வழியாக எட்டு வீட்டுக்கும் இழுத்துவிட்டார். பெட்டி அவர் வீட்டில் ஓடும், அவரவர் டிவியில் எல்லாரும் பார்ப்போம். என்ன படம் போடுவது என்பதில் மட்டும் வாரா வாரம் சண்டை நடக்கும்.

மேட்டு நிலத்துக் குளிர் அந்தப் பெட்டிக்கு ஆகவில்லை. பனி இறங்கும் நாளில் முன்பக்கம் ஒரு சின்ன விளக்கு எரியும், அதற்குமேல் பெட்டி அசையாது. "அடுப்புப் பக்கத்துல வச்சா சரியாயிரும்லா," என்று எட்டாம் வீட்டு முனியம்மா யோசனை சொன்னார். "உன் தலைய வை அடுப்புப் பக்கத்துல," என்றார் தனம் அக்கா. "உள்ளுக்கு ஈரம் கோத்திருக்கு. சும்மா விட்டா தானா காயும். மொதல்ல அணை, அப்புறம் பேசு." எந்தப் பழுதுக்கும் அவர் தொடங்குவது இந்த வாக்கியத்தில்தான். புருசன் பெண்டாட்டி சண்டையைத் தீர்க்கப் போனாலும் இதையே சொல்வார், அங்கேயும் அது பலித்திருக்கிறது.

ஒரு சமயம் ஏழாம் வீட்டிலும் எட்டாம் வீட்டிலும் மட்டும் படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. தன் வீட்டுக்கு வேண்டுமென்றே மட்டமான வயரைப் போட்டுவிட்டதாக முனியம்மா லயம் அதிர ஏசினார். தனம் அக்கா தன் சின்ன டிவியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். முதல் வீட்டில் மாட்டிப் பார்த்தார், அடுத்து இரண்டாம் வீட்டில் பார்த்தார். எங்கள் வீட்டிலும் மாட்டிப் பார்த்தபோது நான் கேட்டேன். "கடைசி ரெண்டு வீட்லதானே கோளாறு, அங்க போய்ப் பார்க்கலாமே அக்கா?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கோளாறு தெரியிற எடம் வேற, இருக்கிற எடம் வேற டீச்சர். மொத வீட்லேர்ந்து வந்தாத்தான் எங்க கெட்டுச்சுன்னு புடிக்கலாம்." ஆறாம் வீட்டில் பிடித்தார். அங்கே கைக்குழந்தை இருந்தது. நம் ஊர்ப் பனியில் துணி வெளியே காயாது என்று, அடுப்புக்கு மேலே போகும் வயரிலேயே ஈரத் தொட்டில் துணியை எல்லாம் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பாரம் தாங்காமல் இணைப்பு கழன்று ஒரு இழையில் நின்றது. அந்த வீட்டுக்காரியைத் தனம் அக்கா ஏசிய ஏச்சை நான் இங்கே எழுத முடியாது. ஏசி முடித்த கையோடு, தன் வீட்டுக் கயிற்றைக் கொண்டுவந்து அதே அடுப்புக்கு மேலே தனிக் கொடியாகக் கட்டிக்கொடுத்தார்.

பெட்டியைக் கெடுத்ததில் ராஜாங்கம் அண்ணனுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆயுத பூசைக்கு லோரிக்குச் சந்தனம், பொட்டு வைத்தவர், உற்சாகத்தில் வீடியோவுக்கும் பட்டையாகத் திருநீறு பூசி, தேப் போகும் வாய்க்குள் கொஞ்சம் தூவியும் விட்டார். சாயங்காலம் படம் போட்டால் எட்டு வீட்டிலும் வெறும் புள்ளிதான். தனம் அக்கா பெட்டியின் மூடியைக் கழற்றினார். தோட்டத்து மருந்தகத்து டிரெஸ்ஸரிடம் கேட்டு வாங்கிய ஸ்பிரிட்டை ஒரு மெல்லிய தோல் துண்டில் நனைத்து, உள்ளே உருளையில் இருந்த, தேப்பிலிருந்து படத்தைப் படிக்கும் கண்ணை, மேலும் கீழும் தேய்க்காமல் உருளை சுற்றும் வாக்கிலேயே துடைத்தார். நான் விளக்குப் பிடித்தேன். அண்ணன் வாசலில் நின்று, "சாமி குத்தம் ஆயிருமோ?" என்றார். "சாமி ஒன்னும் சொல்லாது. பெட்டிதான் சொல்லுது, கேக்கலியா? பொட்டு வைக்கணும்னா செவத்துல வை!" என்றார் அக்கா. அன்று முதல் அவர் வீட்டில் பொட்டு பெட்டிக்கு மேலே சுவரில்தான் இருந்தது.

இனி, என் கோபத்துக்கு இன்னொரு காரணமான விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் வீட்டுப் பெரியவர் தீபாவளி நெருங்கும் சமயத்தில் இறந்துபோனார். காரியம் முடிந்து ஆட்கள் திரும்பியதும், முனியம்மா முதல் வீட்டு வாசலில் போய் நின்றார். "எங்க வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க. அஞ்சாம் வீட்டுக்குப் போற வயர மட்டும் புடுங்கிட்டு மத்தவங்களுக்குப் படம் போடேன். செத்தது எங்க சொந்தமா என்ன?" என்றார். நியாயம்தானே என்று சிலர் தலையாட்டவும் செய்தார்கள். தனம் அக்கா பெட்டியின் வயரையே உருவி, பெட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "செவுரு கூரைக்கு எட்டலன்னு உனக்குத் தெரியாதா? இங்க நீ சிரிச்சா அங்க அழறவங்களுக்குக் கேக்கும். எட்டு வீட்டுக்கும் ஒரே படம். ஒரு வீடு அழுதா எட்டு வீட்லயும் படம் கெடையாது. கருமாதி முடியட்டும்." அந்தத் தீபாவளிக்கு எங்கள் லயத்தில் படம் ஓடவில்லை. முனியம்மா அவரோடு பேச்சை நிறுத்தினார். பிற்பாடு முனியம்மாவின் கணவர் இறந்தபோதும், யாரும் கேட்காமலே பெட்டி அலமாரிக்குள் போனது. அன்றைக்குத்தான் முனியம்மா மறுபடியும் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பிறகு தோட்டத்து மன்றத்துக்குப் பெரிய டிவியும் புது வீடியோவும் வந்தன. மன்றத் தலைவர், தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் எங்கள் சின்னக் கிராணி. அவர் ராஜாங்கம் அண்ணனைத்தான் கூப்பிட்டார். அண்ணன் அக்காவை அனுப்பினார். பகல் முழுக்க அக்கா ஏணியில் நின்று ஏரியல் கட்டி, வயர் இழுத்து, படத்தைக் கொண்டுவந்தார். திறப்பு விழாவில் பொன்னாடை போர்த்தியதோ ராஜாங்கம் அண்ணனுக்கு! அக்கா வாயை மூடிக்கொண்டிருக்கும் ஆள் இல்லை. பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து, "பொன்னாட அவருக்கு, ஏணி எனக்கா?" என்று சத்தமாகக் கேட்டார். மன்றமே சிரித்தது. தலைவரும் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கேட்டது கேள்வி. அதை வேடிக்கையாக்கித் தள்ளிவிட்டார்கள். நம் ஆட்கள் ஒரு பெண்ணுக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கும் வழி இதுதான்.

இப்படிப்பட்டவரை அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தோம். வந்த ஞாயிற்றுக்கிழமை பகலில், சாவு வீட்டில் பெண்கள் சுற்றி இருக்க, மன்றத்திலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. படம் போட்டிருக்கிறார்கள்! ராஜாங்கம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்து நேரே மன்றத்துக்கு நடந்தேன்.

தலைவர் வாசலிலேயே மறித்தார். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இது பக்திப் படம்தான். பூசை போட்டுத்தான் ஆரம்பிச்சோம்."

"தனம் அக்கா போய் இன்னும் ஈரம் காயல. யாரு இழுத்த வயர்ல படம் பாக்கிறீங்க?"

"லயத்து வழக்கம் லயத்தோட டீச்சர். மன்றம் பொது. ஆளுங்கள வரச் சொல்லிட்டோம், எப்படி நிப்பாட்டுறது?"

அவர் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தேன். புது வீடியோவின் நெற்றியில் பட்டையாகத் திருநீறு, தேப் போகும் வாயெல்லாம் வெள்ளை, முன்னால் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. வந்த வழியே திரும்பி நடந்தேன். நான் லயத்தை எட்டுவதற்குள் பாட்டு இழுத்து இழுத்துக் கேட்டு, பிறகு வெறும் இரைச்சலாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் தலைவரே வந்தார். துக்கம் கேட்க வந்தார் என்றுதான் எல்லாரும் நினைத்து எழுந்து நின்றோம். அவர் ராஜாங்கம் அண்ணனின் காதருகே குனிந்தார். ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. "அண்ணே, படம் புள்ளி புள்ளியா வருது. சனம் கத்துது. ஒரு எட்டு வந்து பாத்துட்டு வந்துருங்களேன்."

சாவு வீட்டில் வந்து கேட்கிறார்! நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் நிமிர்ந்தார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "எனக்கு ஒன்னும் தெரியாது கிராணி. ஒரு நாளும் தெரியாது. எல்லாம் அவதான் செஞ்சா. அந்தப் பொன்னாட அவளுக்கு வந்தது, நான் வாங்கிக்கிட்டேன். உங்களுக்கு வேணும்னா அவள எழுப்பிக் கேளுங்க." தலைவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். அடுப்படியில் முனியம்மா, "வெளங்குவான்," என்று ஒற்றை வார்த்தை சொன்னார்.

கருமாதி வரை மன்றத்தில் படம் இல்லை. அக்காவுக்காகத் துக்கம் காத்தார்கள் என்று யாராவது பெருமை பேசினால் நம்பாதீர்கள். பழுது பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். பட்டணத்து ஆள் வருவான் என்று காத்திருந்தார்கள், அவன் மலை ஏறி வரவே இல்லை.

கருமாதிக்கு நான் மறுபடியும் போனேன். எல்லாம் முடிந்த பிறகு, ராஜாங்கம் அண்ணனிடம் கேட்டு அந்தத் தோல் துண்டையும் ஸ்பிரிட் புட்டியையும் எடுத்துக்கொண்டு மன்றத்துக்குப் போனேன். மூடியைத் திறந்து, அக்கா துடைத்தது போலவே உருளை சுற்றும் வாக்கில் துடைத்தேன். தோல் சாம்பலாய்க் கறுத்தது. படம் வந்தது, கண்ணாடி மாதிரி வந்தது. தலைவர் வாய் பிளந்து நின்றார். "என்ன டீச்சர், இது உங்களுக்குத் தெரியுமா? அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று பார்த்தபோதே தெரியும். சொல்லக் கூடாது என்றுதான் சொல்லவில்லை. தனம் அக்காவிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்தத் தோல் துண்டும் ஒரே ஒரு வாக்கியமும்தான். அந்த வாக்கியத்தை அவர் குரலிலேயே தலைவருக்குச் சொன்னேன்.

"மொதல்ல அணை. அப்புறம் பேசு."