உள்ள எடம் காலியாத்தான் இருக்கு

அம்மா பஸ் கண்டக்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். அவள் தொண்டை ஓய்வு பெறவில்லை. எங்கள் தெருவின் பழைய கிடங்குகள் ஒவ்வொன்றாகக் கலைக்கூடங்களாக மாறியபோது, அக்கம்பக்கத்தில் முதலில் உள்ளே நுழைந்தவள் அவள்தான். டிக்கெட் கிடையாது, ஏசி உண்டு. தினமும் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வந்து என்னிடம் திட்டித் தீர்ப்பாள்.

"ஒரு ரூம் பூரா கிழிஞ்ச டயர கொட்டி வச்சிருக்கான். என்னப்பான்னு கேட்டா, மௌனமாம். எங்க டிப்போ பின்னாடி எவ்ளோ மௌனம் கெடந்துச்சு தெரியுமா?"

மறுநாளும் போவாள்.

ஒரு கூடத்தில் இருட்டறை. வந்தவர்கள் எல்லாரும் வாசலிலேயே தயங்கி நிற்க, அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. சத்தம் போட்டிருக்கிறாள். கூட்டம் மளமளவென்று உள்ளே நகர்ந்திருக்கிறது. அவளும் படைப்பின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்களாம். இன்னொரு நாள் அதையே பேசச் சொல்லி, அந்த இருட்டறையை அமைத்த கலைஞர் பதிவு செய்துகொண்டார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

போன மாதம் இறந்துவிட்டாள். என்னிடம் அவள் குரல் ஒரு துண்டுகூட இல்லை. போனை நீட்டினால், "அதான் நேர்ல பேசுறேன்ல, அப்புறம் என்னடி?" என்று தட்டிவிடுவாள். குரல் இருந்தது அந்தக் கூடத்தில் மட்டும்தான். கண்காட்சியின் கடைசி நாளன்று போனேன்.

இருட்டறைக்குள்ளிருந்து மாடு முனகுவதுபோல் ஏதோ ஒரு சத்தம்.

"இதுல எங்கம்மா குரல் எங்க?"

"இதான் மேடம்," என்றார் கலைஞர். "மெதுவாக்கியிருக்கேன். அவசரத்துலேருந்து விடுதலை."

"அவங்க அவசரமாத்தான் பேசுவாங்க. ஒரிஜினல குடுங்க."

"அழிச்சிட்டேனே. மூலமே இருக்கக் கூடாது, அதான் கான்செப்ட்."

"சரி, இந்த ஃபைலயாவது?"

"வித்தாச்சு மேடம். ஒரே பிரதி."

பல்லைக் கடித்துக்கொண்டேன். "எத்தன மடங்கு மெதுவாக்குனீங்க?"

"எட்டு. புடிச்சிருக்கா?"

நான் தொலைத்தொடர்புப் பொறியாளர். எட்டு என்ற அந்த எண் எனக்குப் போதும். இருட்டறை வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, அந்த முனகலை முழுதாகப் போனில் பதிவு செய்தேன். அங்கேயே எட்டு மடங்கு வேகத்துக்கு மாற்றி இயர்போனைச் செருகினேன். தாழ்ந்த ஒலிகளில் பாதியைப் போன் மைக் விழுங்கியிருந்தது. தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்த குரல். ஆனால் அம்மாதான்.

"ஏம்மா, வாசல்லயே நின்னா எப்படி? பின்னாடி ஆளு நிக்குதுல்ல? போ, போ. உள்ள எடம் காலியாத்தான் இருக்கு."

இன்னொரு முறை கேட்டேன். அதற்குள் யாரோ தோளைத் தொட்டார்கள்.

"கொஞ்சம் வழி விடுறீங்களா?"

வழியை அடைத்துக்கொண்டு நின்றது நான்தான். உள்ளே போனேன். காலியாகத்தான் இருந்தது.