சித்தி பிடிக்க மறுத்த தையல்

என் சித்தியின் கடை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில் ஒரு தையல் மிஷின், இரண்டு ஸ்டூல், முன்னால் ஒரு ஷட்டர். நிமிர்ந்தால் தலை இடிக்கும். புதுத்துணி தைக்க மாட்டாள். தைத்ததைப் பிரிப்பது, உள்ளே பிடிப்பது, ஜிப் மாற்றுவது, அவ்வளவுதான். வாய் மட்டும் மிஷினைவிட வேகம்.

நான் ஹோட்டல் வரவேற்பறை வேலையில் சேர்ந்த புதிது. யாரோ போகிறபோக்கில், "யூனிஃபார்ம் டைட்டா இருக்கே" என்றார்கள். அன்றிலிருந்து சாப்பாட்டைக் குறைத்தேன். பிறகு குறைப்பதே என் முழுநேர வேலையானது. ஸ்கர்ட் இடுப்பில் நிற்கவில்லை. சித்தி உள்ளே பிடித்துக் கொடுத்தாள். மறுபடி போனேன், மறுபடி பிடித்தாள். "உனக்கென்னடி, கொடி மாதிரி ஆயிட்ட" என்று சந்தோஷப்பட்டாள்.

அடுத்த முறை அளந்தபோது டேப்பை முறைத்தாள்.

"பழைய டேப்பு, இழுபட்டுப் போச்சு. அதான் அளவைக் கம்மியா காட்டுது."

புது டேப் வாங்கிவந்தாள். அதுவும் அதே அளவைத்தான் காட்டியது. சித்தி பேச்சை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது.

"முடி கொட்டுதா?"

"கொஞ்சம்."

"மாசாமாசம் சரியா வருதா?"

"நின்னுபோச்சு சித்தி."

ஸ்கர்ட்டை என் மடியில் போட்டாள். "இனிமே ஒரு தையல்கூட உள்ள பிடிக்க மாட்டேன். நான் பிடிக்கப் பிடிக்க நீ கரையற. எந்திரி, டாக்டர்கிட்ட போலாம்."

என் இதயம் மெதுவாகத் துடிப்பதாகவும், இப்படியே விட்டால் நின்றுகூடப் போகலாம் என்றும் டாக்டர் சொன்னார். "சாப்பிட்டதை வாந்தி எடுக்கறவங்க, அடக்க முடியாம அள்ளிச் சாப்பிட்டுட்டு அழறவங்க, எல்லாரும் வராங்கம்மா. ஒல்லியா இருக்கறவங்க மட்டும் இல்ல. இது பிடிவாதம் இல்ல, நோய். சிகிச்சை இருக்கு. மெதுவாத்தான் சரியாகும்." சித்தியிடம், "கூட உக்காந்து சாப்பிடுங்க. தட்டுல எவ்வளவு இருக்குன்னு மட்டும் பேசாதீங்க" என்றார்.

சித்திக்கு அது போதும். தினமும் மதியம் கடையில் ஷட்டர் பாதி இறங்கிவிடும். பேன்ட் அவசரம் என்று வருகிறவர்களிடம், "அவ்வளவு அவசரம்னா அப்படியே போட்டுட்டுப் போங்க" என்பாள். என் எதிரே உட்கார்ந்து, பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் குடும்பச் சண்டையை ஒன்றுவிடாமல் சொல்வாள். ஒரு வாய் சூப் இறக்குவதற்குள் நான் அழுவேன். அவள் கதையை நிறுத்த மாட்டாள். நடுவில் மறுபடி சாப்பாட்டைக் குறைத்துச் சறுக்கினேன். வீட்டில் எல்லோரும் கத்தினார்கள். சித்தி மறுநாளும் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். டாக்டருக்கு நன்றி சொல்லி முடித்துவிடலாம். சித்திக்கு என் ஆயுளுக்கும் சொன்னாலும் தீராது.

ஒருநாள் செருப்புக்கடைச் சண்டைக் கதை உச்சத்தில் இருந்தபோது குறுக்கிட்டேன்.

"சித்தி, பசிக்குது."

பல மாதங்களாக நான் சொல்லாத வார்த்தை. சித்தி தன் டப்பாவிலிருந்த முட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள். யார் யாரைத் திட்டினார்கள் என்பதைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னாள்.