சந்தனப் பொட்டு வைத்த டைரக்டர்

பொன்னமராவதி ஜவுளிக்கடை சொக்கலிங்கம் அண்ணன் காலமான செய்தி நம் குழுவில் காலையில் வந்தது. நான் நம்பவில்லை. கடைக்கே போன் போட்டேன், எடுத்தவர் அழுதார். உடனே எனக்கு வந்த நினைப்பு, 'என் படம் என்ன ஆகும்?'

காணாமல் போன மௌனப் படங்களின் புகைப்படங்களைத் தேடி அலைகிற நம் கூட்டத்தில் எதையுமே நம்பாதவர் அண்ணன். எந்தப் படத்தைக் கொடுத்தாலும், சேலையைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி, முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். "மூஞ்சியக் காட்டி ஆரு வேணாலும் ஏமாத்தலாங்க, முதுகக் காட்டுங்க" என்பார். புதுப் படத்தை டீத் தண்ணீரில் முக்கிப் பழசாக்கி விற்கிறவர்கள் அவர் கடைப் படி ஏறியதில்லை.

என்னிடம் ஒரு படம் இருந்தது. கேமராவுக்குப் பக்கத்தில் தொப்பியோடு நிற்கும் டைரக்டர். அவர் எடுத்த மௌனப் படத்தின் சுருள் எப்போதோ எரிந்துபோனது. மிஞ்சியது இந்த ஒரு புகைப்படம்தான். குழுவில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறேன். அசலா என்று கேட்க அண்ணனிடம் கொண்டுபோனேன். "வச்சுட்டுப் போங்க, பாத்துச் சொல்றேன்" என்றார். அப்புறம் எப்போது கேட்டாலும், "இன்னும் சந்தேகம் தீரலைங்க" என்பதுதான் பதில். மனிதர் அமுக்கப் பார்க்கிறார் என்றே நான் முடிவு கட்டியிருந்தேன்.

துக்கம் கேட்கப் போனபோதுதான் அவர் வீட்டுக்குள் முதல்முறையாக நுழைந்தேன். கூடத்துச் சுவரில் வரிசையாக மாலை போட்ட படங்கள். நடுவில் என் டைரக்டர், நெற்றியில் சந்தனப் பொட்டோடு! பக்கத்தில் கிரீடம் வைத்த கதாநாயகிக்கும் பொட்டு.

"எல்லாம் சினிமாக்காரவுகதாங்க" என்றாள் அவர் மகள் மீனா. "செத்தவுக படத்த எவனும் தூக்கிட்டுப் போகமாட்டான்னு அப்பா இப்புடி மாட்டி வச்சாக. சொந்தக்காரவுக வந்து கும்புட்டுட்டுப் போயிருக்காக."

தொப்பிக்காரர் என்னுடையவர் என்றேன். கழற்றிக் கொடுத்தாள். பின்பக்கமும் கண்ணாடி போட்டிருந்தது. நான் திருப்பிப் பார்த்தேன். மீனா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

"நீங்கதாங்க. 'இந்தப் படத்தக் கேட்டு வர்றவுக கையில குடுத்துப் பாரு, மொதல்ல முதுகப் பாக்குறவருதான் சொந்தக்காரரு'ன்னு அப்பா சொன்னாக. ஒங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு வந்து தங்களுதுன்னாக. மூஞ்சியத்தான் பாத்தாக."

எனக்காகக் காவல் காத்தவரையா சந்தேகப்பட்டேன்?

படம் அசலா என்று அண்ணன் கடைசிவரை சொல்லவில்லை. அவர் தீர்க்காமல் விட்டுப்போன சந்தேகத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். பொட்டையும் துடைக்கவில்லை. முந்திக்கொண்டு துக்கம் கேட்கப் போன அந்த இருவரும் இதைப் படிப்பீர்கள். திருவரங்குளம் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வாருங்கள், காபி சாப்பிடலாம். சுவரில் தொப்பியோடும் மாலையோடும் இருப்பவர் இனிமேல் எங்கள் தாத்தா.