பாய்க் கயிற்றில் கட்டிய பந்தல்

எங்கள் கப்பலில் இருபத்திரண்டு கயிறுகள். சும்மா தொங்கும் கயிறு என்று ஒன்றுகூடக் கிடையாது. திறப்பு விழாவன்று காலையிலேயே இதைச் சொன்னேன். யார் கேட்டார்கள்?

எண்பதுகளின் கடைசியில், கொரட்டூர் ஏரிப் பக்கம் ஒரு தனியார் பயிற்சிப் பள்ளி, பழங்காலப் பாய்மரக் கப்பல் ஒன்றின் மாதிரியை மைதானத்தில் கட்டியது. மிதக்காது, ஆனால் பாய், கயிறு எல்லாம் அசல். துறைமுகத்தில் கயிற்று வேலை பார்த்த என்னைப் பயிற்சியாளராக வைத்தார்கள். மாணவர்கள் பதினெட்டுப் பேர். ஆவடி குவார்ட்டர்ஸ் பெண் ஃபிலோமினா அணித் தலைவி. உள்ளங்கை கொப்புளிக்கப் பழகினார்கள். விழாவில் பெரிய பாயை ஏற்றிக் காட்டினால், அதன்பின் பாய்மரத்தில் ஏற அனுமதி என்று தாளாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

கப்பலை ஒட்டிய விழா மேடைக்குச் சாமியானா போட வந்த மாரி, அதன் மூலையைப் பாய் ஏற்றும் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார்.

"அவுத்துடுங்க மாரி, அது பாய்க் கயிறு."

"எந்த பாய் கயிறா இருந்தா இன்னா நைனா? பாய் வந்து கேட்டா குட்த்துடறேன்."

சிரித்துக்கொண்டே அவிழ்த்தார். நான் அந்தப் பக்கம் போனதும் தாளாளர் வந்திருக்கிறார்: "சீஃப் கெஸ்ட் தலையில வெயில் அடிக்குது, கட்டுய்யா!" மாரி மறுபடி கட்டிவிட்டார்.

ஃபிலோமினா குரல் கொடுத்தாள். பதினெட்டுப் பேரும் இழுத்தார்கள். பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டையோடு பாய் ஏறியது; பந்தல் இறங்கியது. மூங்கில்கள் சாய்ந்து, துணி மொத்தமும் மேடைமேல் விழுந்தது.

"யாரும் கைய விடாதீங்க!" என்று கத்தினாள் ஃபிலோமினா. விட்டிருந்தால் கட்டை நேராக மேடையில் விழுந்திருக்கும். துணிக்குள்ளிருந்து எல்லோரும் வெளியேறும்வரை பிடித்திருந்து, பிறகு மெல்ல இறக்கினார்கள்.

தாளாளர் தலையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என் மானத்த வாங்கிட்டீங்க! இன்னியோட இந்த ஆட்டம் க்ளோஸ்."

"சார், நாங்க கைய விட்டிருந்தா கட்டை உங்க மேலதான் வுழுந்திருக்கும்" என்றாள் ஃபிலோமினா.

"எதிர்த்துப் பேசாத!"

கட்டச் சொன்னவர் அவர், தண்டனை பிள்ளைகளுக்கு! நானும் வாதாடிப் பார்த்தேன். பயிற்சியை நிறுத்தி, பாய்மரத்து ஏணியைக் கழற்றினார்கள். ஆண்டு விழாப் போட்டோக்களுக்குப் பின்னணியானது கப்பல்.

கொஞ்ச நாள் கழித்து மாரி வந்தார். "நைனா, அந்தப் பாய்க் கயிறு சும்மா தானே தொங்கினுகீது, நான் எத்துக்கினு போவட்டா?"

இளைஞர்களே, பிடித்து இழுக்கும் கைகளை விரட்டிவிட்டால், கப்பலில் இருபத்திரண்டும் சும்மா தொங்கும் கயிறுதான்.