செல்லம்மாவின் பிள்ளைகள்

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. செல் வளர்க்கும் வேலை என்பதால் ஆய்வகத்தில் அவளைச் செல்லம்மா ஆக்கிவிட்டார்கள். நல்ல செல்கள் ஒரு குடுவையில், புற்றுநோய்ச் செல்கள் வேறு குடுவையில். நல்லவை லேசில் வளராது. புற்றுநோய்ச் செல்களோ கேள்வி கேட்பாரின்றிப் பெருகும். அவற்றுக்கு அவள் வைத்த பெயர் 'தடியன்கள்'. வளர்ப்பவள் பாரபட்சம் பார்க்கக் கூடாதுதான். அவள் தாராளமாகப் பார்ப்பாள்.

தடியன்களைத் தீர்த்துக்கட்ட ஆய்வகம் நம்பியிருந்தது துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களை. கண்ணுக்கே தெரியாத பொடி, ஆனால் ஆள் பார்த்து அடிக்கத் தெரியவில்லை. அதுவரை சோதித்த இரண்டு முறையும் நல்ல செல்களையும் சேர்த்துக் கொன்றுவிட்டது. அன்றெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"இந்தத் தடவையும் இப்படின்னா மூட்டை கட்டிடலாம்மா" என்று சொல்லிவிட்டார் பேராசிரியர்.

அவள் கணவன் தையல்காரன். மனைவியின் தொழிலில் சாவுதான் நல்ல செய்தி என்று அவனுக்கு மனப்பாடம். மாலையில் அவள் தலை தெரிந்ததுமே "என்ன, செத்துடுச்சா?" என்பான். அளவு கொடுக்க வந்தவர்கள் ஆடிப்போவார்கள்.

மூன்றாம் முறை பேராசிரியர் பொடியின் அளவைக் குறைத்தார். அது கட்டி தட்டாமல் ஒலி அதிர்வில் கலக்கி, இரு வகைச் செல்களும் வரிசை வரிசையாக இருந்த குழித்தட்டில் கலக்கிய சூட்டோடு விட்டாள் செல்லம்மா. மறுநாள் மஞ்சள் சாயம் சேர்த்தாள். உயிரோடிருக்கும் செல் அதை ஊதாவாக்கும். செத்த செல் மஞ்சளாகவே விட்டுவிடும்.

தடியன்களின் வரிசை மஞ்சளாகக் கிடந்தது. நல்ல செல்கள் இருந்த அடுத்த வரிசையை ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தாள். ஊதா! குழிக்குக் குழி ஊதா!

"இது தட்டுலதான் செல்லம்மா. நோயாளிகிட்ட போக இன்னும் ரொம்ப தூரம் இருக்கு" என்றார் பேராசிரியர், வாயெல்லாம் பல்லாக.

"போவோம் சார். மூட்டை கட்டலைல்ல, அது போதும்!"

மாலையில் அவளைக் கண்டதும் கணவன் அளவெடுப்பதை நிறுத்தினான். "என்ன, செத்துடுச்சா?"

"சாகலைங்க!"

அவன் முகம் சுண்டிப்போனது. "தடியன் தப்பிச்சிட்டானா?"

"அவன் ஒழிஞ்சான். நம்ம பிள்ளைங்க பொழச்சிடுச்சுங்க!" சொல்லும்போதே சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

சட்டைக்கு அளவு கொடுக்க நின்ற பெரியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விரித்த கைகளை இறக்காமலே, "நல்லா இருக்கட்டும்மா. எத்தனை பிள்ளைங்க?" என்றார்.

செல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"லட்சத்தைத் தாண்டுங்கய்யா."